வெள்ளைக்காரங்க மேடையில கறுப்பினப் பொண்ணா வளர்றது: பாலே பத்தி என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

அமெரிக்காவுல பொண்ணைப் பாலே கிளாஸுக்கு கூட்டிட்டுப் போய் விடுற அம்மாக்கள்ல நானும் ஒருத்தி. டிசம்பர் ஷோ வந்தா மேடைக்குப் பின்னாடி குட்டிப் பசங்களுக்கு கொண்டை போட்டு விடுறது, ரிப்பன் தைக்கிறதுனு உதவிக்குப் போவேன். அங்க பாத்ததுனாலயும், பெரிய டான்ஸர்ஸ் குடுத்த பேட்டிகளை விடாம படிச்சதுனாலயும் கறுப்பினப் பொண்ணுங்க இந்த உலகத்துல எப்படி வளர்றாங்கன்றது எனக்கு ரொம்ப மனசுக்கு நெருக்கமான விஷயமாயிடுச்சு. இதைப் பத்தி பேசினா நம்ம ஆளுங்க கேக்குற சந்தேகம் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடுறேன், கேள்விகளை அவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

பாலேன்னா கால் கட்டை விரல்ல நின்னு ஆடுறதுனு மட்டும் தெரியும். இதுல கறுப்பு வெள்ளை எங்க வந்துச்சு?

பாலே ஐரோப்பிய அரண்மனைகள்ல வளர்ந்த ஆட்டம். ஃபிரான்ஸ்ல பதினாலாம் லூயி 1661-ல இதுக்குனு ஒரு அகாடமியே ஆரம்பிச்சாரு. அப்புறம் 1800-கள்ல கதையெல்லாம் தேவதை, ஆவி, அன்னப்பறவைனு மாறுது, 1841-ல பாரீஸ்ல வந்த ஜிசெல்ன்ற பாலேல ரெண்டாவது பாதி முழுக்க வெள்ளை டிரெஸ்ல செத்துப்போன பொண்ணுங்களோட ஆவிகள்தான் மேடை பூரா. ஆடுறவ எடையே இல்லாத, தொட்டா உடைஞ்சுடுற, வெளிறிப்போன ஒருத்தியா தெரியணும். அதுக்காக கை கழுத்தெல்லாம் வெள்ளைப் பவுடர் பூசுற பழக்கமும் கூடவே வந்துடுச்சு.

ஆரம்பத்துல அது டிரெஸ்ஸும் விளக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான். ஆனா நூத்தம்பது வருஷம் ஒரே மாதிரி உடம்பை மட்டுமே மேடையில பாத்துட்டு இருந்தா அந்த நிறம்தான் பாலேன்னு கண்ணு முடிவு பண்ணிடும். ஒரு எட்டு வயசு கறுப்பினப் பொண்ணு முதல் நாள் கிளாஸுக்குள்ள நுழையுறப்போ சுவத்துல மாட்டியிருக்கிற போட்டோல இருந்து கடையில விக்கிற ஷூ வரைக்கும் எல்லாமே இந்த முடிவுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கும்.

கறுப்பினத்தவங்க ஆடக்கூடாதுனு சட்டமே இருந்துச்சா?

பாலேக்குனு தனியா சட்டம் இல்ல, ஆனா தேவையும் படல. அமெரிக்காவோட தெற்கு மாநிலங்கள்ல ஹோட்டல், டிரெயின், தியேட்டர், ஸ்கூல்னு எல்லாத்துலயும் இனம் பிரிச்சு வைக்கிற சட்டம் 1960-கள் வரைக்கும் இருந்துச்சு. டான்ஸ் கம்பெனிங்க ஊர் ஊராப் போய் ஷோ போட்டாதான் பொழைப்பு, ஒரு கறுப்பின டான்ஸரை சேர்த்தா தெற்குல மத்த டான்ஸருங்க தங்குற ஹோட்டல்ல அவங்களுக்கு ரூம் கிடைக்காது, அதனால சேர்க்கவே வேண்டாம்னு விட்டுட்டாங்க.

ஜேனட் காலின்ஸ்னு ஒரு டான்ஸர், 1917-ல நியூ ஆர்லியன்ஸ்ல பிறந்து லாஸ் ஏஞ்சலிஸ்ல வளர்ந்தவங்க. டீனேஜ்ல இருக்கும்போது பாலே ரூஸ் கம்பெனி ஆடிஷனுக்குப் போனாங்க. நல்லா ஆடுற, ஆனா மேடைக்கு வரணும்னா மூஞ்சியில வெள்ளை பூசிக்கணும்னு சொன்னாங்க. அவங்க முடியாதுனுட்டு அழுதுக்கிட்டே வீட்டுக்குப் போனாங்க. அதே ஜேனட் 1951-ல நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவுல முதன்மை பாலே டான்ஸராவே ஆடினாங்க, ஆனா அந்தக் கம்பெனி தெற்குப் பக்கம் டூர் போனப்போ அவங்களால போக முடியல, அவங்க இடத்துல வேற ஆள் ஆடினாங்க. சட்டம் எப்படி வேலை செஞ்சுதுனு இந்த ஒரு ஆள் வாழ்க்கையிலயே தெரிஞ்சுடும்.

கிளாஸ்லயே சேர்க்கலைன்னா அவங்க எங்கதான் கத்துக்கிட்டாங்க?

தாங்களே ஸ்கூல் கட்டிக்கிட்டாங்க. இந்தப் பகுதி யாருக்குமே தெரியுறதில்ல, எனக்கு இதுதான் ரொம்பப் பிடிச்ச பகுதி. வாஷிங்டன்ல டோரிஸ் ஜோன்ஸ், க்ளேர் ஹேவுட்னு ரெண்டு கறுப்பின டீச்சருங்க சேர்ந்து 1941-ல பாலே ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. இதுல டோரிஸ் சின்ன வயசுல பாஸ்டன்ல பாலே கத்துக்க இடம் கிடைக்காம, தனக்குத் தெரிஞ்ச, ஷூவால தாளம் தட்டி ஆடுற டேப் டான்ஸை சொல்லிக்குடுத்து பதிலுக்கு பாலே கத்துக்கிட்டவங்க. பின்னாடி நியூயார்க் பிராட்வே இசை நாடகங்கள்ல பெரிய நட்சத்திரமான சீட்டா ரிவேரா இந்த ஸ்கூல்ல படிச்சவங்கதான்.

ஃபிலடெல்ஃபியாவுல மேரியன் கூயெட் 1948-ல ஜூடிமார்னு ஒரு ஸ்கூல் வெச்சாங்க. அவங்க ரொம்ப வெளுப்பான நிறம், அதனால வாடகைக்கு இடம் கேட்டா குடுத்துடுவாங்க, அப்புறம் கறுப்பினக் குழந்தைங்க படியேறி வர்றதைப் பாத்ததும் காலி பண்ணச் சொல்லிடுவாங்க. அப்படியே இடம் மாத்தி மாத்தி சொல்லிக்குடுத்தாங்க. அதே ஊர்ல ஜோன் மையர்ஸ் பிரவுன் 1960-ல ஸ்கூலும் 1970-ல ஃபிலடான்கோ கம்பெனியும் ஆரம்பிச்சாங்க. கறுப்பினப் பொண்ணுங்களுக்கு பாலேல ஆர்வம் இல்லன்னு யாராவது சொன்னா இந்த மூணு ஸ்கூலையும் சொல்லுங்க, ஆர்வம் இல்லாத ஊர்ல யாரும் வாடகை இடம் மாறி மாறி ஸ்கூல் நடத்த மாட்டாங்க.

முதல் கறுப்பின பாலே டான்ஸர் மிஸ்டி கோப்லண்ட் தானே?

இல்ல. மிஸ்டி அமெரிக்கன் பாலே தியேட்டர்ன்ற கம்பெனியோட 75 வருஷ வரலாறுல பிரின்சிபல், அதாவது கம்பெனியோட உச்ச நிலை டான்ஸர், ஆன முதல் கறுப்பினப் பெண், அது 2015 ஜூன்ல. அது பெரிய விஷயம்தான், ஆனா அவங்களுக்கு முன்னாடி ஒரு வரிசையே இருக்கு. ஹூஸ்டன் பாலேல லாரன் ஆண்டர்சன் 1990-லயே பிரின்சிபல் ஆயிட்டாங்க, மிஸ்டிக்கு அப்போ ஏழெட்டு வயசுதான். டெப்ரா ஆஸ்டின் 1971-ல நியூயார்க் சிட்டி பாலேல சேர்ந்தாங்க.

அதுக்கும் முன்னாடி ரேவன் வில்கின்சன். நியூயார்க் பொண்ணு. பாலே ரூஸ் டி மான்டி கார்லோல திரும்பத் திரும்ப ஆடிஷன் குடுத்து 1955-ல சேர்ந்தாங்க, ஒரு பெரிய கம்பெனியில முழுநேர வேலைக்கு சேர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் இவங்கதான். வெளுப்பான நிறம், சும்மா இருந்தா யாரும் கண்டுபிடிச்சிருக்க மாட்டாங்க. ஆனா அட்லாண்டாவுல ஒரு ஹோட்டல்காரர் நேரா நீ கறுப்பினமானு கேட்டப்போ இவங்க பொய் சொல்ல மாட்டேன்னுட்டாங்க, அங்க தங்க விடல. அலபாமாவுல மான்ட்காமரியில கு க்ளக்ஸ் க்ளான்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்து ஆளுங்க மேடைக்கே ஏறி வந்து யாரு அந்த கறுப்பு ஆளுனு கேட்டாங்க, கூட ஆடின யாரும் வாயைத் திறக்கல. இதுக்கெல்லாம் அப்புறம் கம்பெனியை விட்டுட்டு அமெரிக்காவுல வேற எந்தக் கம்பெனியிலயும் இடம் கிடைக்காம, 1967-ல நெதர்லாந்து தேசிய பாலேக்குப் போய் சேர்ந்து அங்கதான் ஆடினாங்க. கடைசி காலத்துல மிஸ்டிக்கு வழிகாட்டியா இருந்தாங்க, 2018-ல இறந்தாங்க.

ஒவ்வொரு தடவையும் "முதல்" "முதல்"னு செய்தி போடுறதுல ஒரு கஷ்டம் என்னன்னா முன்னாடி இருந்தவங்க காணாம போயிடுறாங்க. இப்போ வளர்ற பொண்ணு ஒவ்வொருத்தியும் தனக்கு முன்னாடி யாருமே இல்லன்னு நினைச்சுக்கிட்டே வளர்றா.

பிங்க் டைட்ஸ், பிங்க் ஷூ யூனிஃபார்ம் தானே, அதுல என்ன பிரச்சனை?

யூனிஃபார்ம்தான், ஆனா யாரோட உடம்புக்கு தைச்சதுன்றதுதான் விஷயம். பாலேல இடுப்புல இருந்து கால் நுனி வரைக்கும் ஒரே கோடாத் தெரியணும்னு பாப்பாங்க. வெள்ளைக்காரங்க தோலுக்கு லேசான பிங்க் கிட்டத்தட்ட ஒட்டிப் போகுது, காலை ஒட்டிப் போடுற டைட்ஸும் ஷூவும் சேர்ந்து காலை நீளமாக் காட்டும். அதே பிங்கை ஒரு கறுப்பினப் பொண்ணு போட்டா மேல ஒரு நிறம் கீழ ஒரு நிறம்னு உடம்பே ரெண்டா வெட்டின மாதிரி தெரியும். வெள்ளைக்காரப் பொண்ணுக்கு கோட்டை நீட்டுற அதே டிரெஸ் இவளுக்கு கோட்டை உடைக்குது, அப்புறம் இவ லைன் சரியில்லன்னு டீச்சர் சொல்லுவாங்க.

நியூயார்க்ல கறுப்பின டான்ஸருங்களுக்காக ஆரம்பிச்ச டான்ஸ் தியேட்டர் ஆஃப் ஹார்லெம்ன்ற கம்பெனி இதை 1970-கள்லயே மாத்திடுச்சு, அவங்கவங்க நிறத்துக்கு டைட்ஸையும் ஷூவையும் சாயம் போட்டுக்கிட்டாங்க. லண்டன்ல இங்கிலிஷ் நேஷனல் பாலேல ஆடுற ப்ரெஷஸ் ஆடம்ஸ் பிங்க் டைட்ஸ் போட மாட்டேன்னு வெளிப்படையா சொன்னது 2018-ல. நடுவுல எவ்வளவு வருஷம் போயிருக்குனு பாருங்க.

ஷூவுக்குக் கூட மேக்கப் போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன், நிஜமாவா?

நிஜம்தான். மூஞ்சிக்குப் போடுற ஃபவுண்டேஷனை ஸ்பாஞ்ச்ல தொட்டு, விரல் நுனியில நின்னு ஆடுறதுக்கான பாயின்ட் ஷூ மேல ஒத்தி ஒத்தி எடுப்பாங்க. துணி சாட்டின், ஈரத்தை உறிஞ்சும், முதல் கோட் திட்டுத் திட்டா நிக்கும், காய விட்டு ரெண்டாவது கோட் போடணும். குதிகால் ஓரம், மடிப்பு, நுனியில சுத்தி வர்ற விளிம்பு எல்லாத்துலயும் பிங்க் எட்டிப் பாக்கும், அங்கெல்லாம் சின்ன பிரஷ் வெச்சு தடவணும். அதோட முடியாது, கட்டுற ரிப்பன் ரெண்டு பக்கமும் பூசணும், எலாஸ்டிக் பூசணும், எலாஸ்டிக் இழுபடும்போது உள்ள இருக்கிற வெளிர் நூல் தெரியும், அதனால இழுத்துப் பிடிச்சுக்கிட்டே பூசணும். கையெல்லாம் மேக்கப், டேபிள் எல்லாம் மேக்கப். பக்கத்துல இருக்கிற வெள்ளைக்காரப் பொண்ணு ஷூவை டப்பாவுல இருந்து எடுத்து ரிப்பன் தைச்சுட்டு போய் வார்ம் அப் ஆரம்பிச்சிருப்பா.

ஒரு ஜோடி பாயின்ட் ஷூ 100 டாலருக்கு மேல போகுது. பெரிய டான்ஸருங்களுக்கு ஒரு ஷோவுலயே ஒரு ஜோடி நைஞ்சுபோயிடும், அப்புறம் அடுத்த ஜோடிக்கு முதல்ல இருந்து பூசணும். பிரேசில்ல பிறந்து ஹார்லெம் கம்பெனியில ஆடின இங்க்ரிட் சில்வா பதினோரு வருஷம் இப்படி தன் ஷூவைத் தானே பூசினாங்க, 2019-ல தான் அவங்க நிறத்துலயே ஷூ தயாராகி கைக்கு வந்துச்சு. ஷூ தயாரிக்கிற லண்டன் ஃப்ரீட் கம்பெனி 1929-ல ஆரம்பிச்சது, அவங்க பாலே பிளாக்ன்ற டான்ஸ் கம்பெனியோட சேர்ந்து பழுப்பு நிறத்துல ரெண்டு ஷேட் கடைக்குக் கொண்டு வந்தது 2018-ல. காசும் நேரமும் ஒரு பக்கம் இருக்கட்டும், உன் காலோட நிறத்துல ஷூவே இல்லன்னு பத்து வயசுல தெரிஞ்சுக்கிறது ஒரு குழந்தைக்கு என்ன சொல்லுதுனு யோசிச்சுப் பாருங்க.

முடியைப் பத்தி ஏன் இவ்வளவு பேசுறாங்க? கொண்டை போட்டா முடிஞ்சுது இல்லையா?

நம்ம முடி மாதிரி நேரா விழுற முடிக்கு போட்டா முடிஞ்சுது. சுருள் சுருளா நெருக்கமா இருக்கிற முடியை வழவழன்னு ஒட்ட வாரி கொண்டை போடணும்னா ஜெல், சூடு, சில சமயம் முடியை நேராக்குற கெமிக்கல் வரைக்கும் போகும். தினமும் இறுக்கி இழுத்தா நெத்தி ஓரத்துல முடி கொட்ட ஆரம்பிச்சுடும், இதை டாக்டருங்களே சொல்றாங்க. சின்னச் சின்ன பின்னலாப் போட்டு அதைச் சுருட்டி கொண்டை வெச்சா அழகாவும் இருக்கும் முடிக்கும் நல்லது, ஆனா அது "நீட்டா இல்ல"னு சொல்ற இடங்கள் இருந்துச்சு.

கலிஃபோர்னியாவுல 2019-ல கிரௌன் ஆக்ட்னு ஒரு சட்டம் வந்துச்சு, பின்னல், ஆஃப்ரோ, ட்விஸ்ட் மாதிரி முடியைக் காரணமா வெச்சு வேலையிலயும் ஸ்கூல்லயும் பாகுபாடு பண்ணக் கூடாதுனு. அப்புறம் வேற பல மாநிலங்களும் கொண்டு வந்தாங்க. முடிக்கு ஒரு சட்டமே தேவைப்பட்டிருக்குன்னா பிரச்சனை எவ்வளவு ஆழமா இருந்திருக்கும்.

மேடைக்குப் பின்னாடி நான் பாக்குறது இதுதான், ஒரு கறுப்பினப் பொண்ணு உக்காந்ததும் கொண்டை போடுற வாலண்டியருங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க, யாருக்கும் எப்படி வாரணும்னு தெரியாது, கடைசியில அந்தப் பொண்ணோட அம்மா வேலைக்கு லீவு போட்டுட்டு வந்து தானே போட்டு விடுவாங்க. இல்லன்னா அந்தக் குழந்தை பாத்ரூம் கண்ணாடி முன்னாடி நின்னு தனியாப் போட்டுக்கும்.

குரூப்பா ஆடும்போது எல்லாரும் ஒரே மாதிரி தெரியணும்னு கேக்குறதுல என்ன தப்பு? கலைக்காகத்தானே?

இதைத்தான் அதிகம் பேர் கேக்குறாங்க, நியாயமாவும் தோணும். ஸ்வான் லேக்ன்ற அன்னப்பறவைக் கதை பாலேல இருபத்திநாலு அன்னம் வரிசையா வந்தா ஒரே மாதிரி மூச்சு விடணும், ஒரே கோணத்துல தலை சாயணும், அது இல்லாம அந்தக் காட்சியே இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஒற்றுமை அசைவுல இருந்து வருது. வரிசையில உயரம் வேற வேற, முடி நிறம் வேற வேற, அதையெல்லாம் கண்ணு மன்னிச்சுடுது, தோல் நிறம் மட்டும் காட்சியைக் கெடுக்குதுன்னா பிரச்சனை மேடையில இல்ல, பாக்குறவங்க பழக்கத்துல இருக்கு. ஹார்லெம் கம்பெனி லேசான பழுப்புல இருந்து அடர் கறுப்பு வரைக்கும் எல்லா நிறத்துலயும் அன்னங்களை நிறுத்தி ஸ்வான் லேக் ஆடிக் காட்டிட்டாங்க.

அவங்க உடம்பு வாகு பாலேக்கு செட் ஆகாதுன்னு ஒரு டீச்சரே சொன்னாங்களே?

பாதம் தட்டை, இடுப்பு பெருசு, தசை ஜாஸ்தி, இந்த மூணும்தான் தலைமுறை தலைமுறையா சொல்றாங்க. பாத வளைவு, இடுப்பு மூட்டு எவ்வளவு வெளிப்பக்கம் திரும்பும்ன்றதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறுற விஷயம், இனத்தை வெச்சு முடிவு பண்ண முடியாது. தட்டைப் பாதம் உள்ள வெள்ளைக்காரப் பொண்ணுகிட்ட "இந்த எக்ஸர்சைஸ் பண்ணு"னு சொல்லுவாங்க, கறுப்பினப் பொண்ணுகிட்ட "நீ மாடர்ன் டான்ஸ் பக்கம் போனா ஜொலிப்ப"னு சொல்லுவாங்க. பேச்சு இனிப்பாத்தான் இருக்கும், ஆனா கதவைக் காட்டுறதுதான் அது.

பாராட்டுலயும் இதே இருக்கு. நல்லா ஆடினா "பவர்ஃபுல்", "அத்லெட்டிக்"னு சொல்லுவாங்க, மென்மையா இருக்கன்னு சொல்ல வாய் வராது. அப்புறம் இளவரசி ரோல் மென்மையா இருக்கிறவளுக்குத்தான் போகும்.

ஆம்பளைப் பசங்களுக்கும் இதே கஷ்டம்தானே? ஏன் பொண்ணுங்கன்னு தனியா பேசணும்?

அவங்களுக்கும் இருந்துச்சு. ஆர்தர் மிட்செல் 1955-ல நியூயார்க் சிட்டி பாலேல சேர்ந்து 1957-ல அகான்ன்ற பாலேல டயானா ஆடம்ஸ்ன்ற வெள்ளைக்கார டான்ஸரோட ஜோடியா ஆடினப்போ அந்தக் காலத்துக்கு அது பெரிய அதிர்ச்சி. ஆனா அவர் பிரின்சிபல் வரைக்கும் போனாரு. அந்தக் கம்பெனியில முதல் கறுப்பினப் பெண் சேரவே 1971 ஆச்சு. பாலேல ஆம்பளை தூக்குறவன், பலம் இருந்தா போதும், பொம்பளைதான் அந்தக் கலையோட முகம், முதல் பதில்ல சொன்ன வெளிறின தேவதை அவதான். அதனால அவ இடத்துக்கு கறுப்பினப் பொண்ணு வர்றதுதான் கடைசி வரைக்கும் தடையா இருந்துச்சு.

இன்னொண்ணும் இருக்கு. ஜார்ஜ்டவுன் சட்டக் கல்லூரியில 2017-ல வந்த ஒரு ஆய்வுல, பெரியவங்க அஞ்சு வயசுல இருந்தே கறுப்பினப் பொண்ணுங்களை அதே வயசு வெள்ளைக்காரப் பொண்ணுங்களை விட வெகுளித்தனம் கம்மியானவங்களா, பெரிய மனுஷி மாதிரிப் பாக்குறாங்கன்னு வந்துச்சு. ஆறுதல் இவளுக்குத் தேவையில்ல, தாங்கிக்குவான்னு நினைக்கிறது இதுல இருந்துதான் வருது. அதே அழுகையை வெள்ளைக்காரப் பொண்ணு அழுதா கட்டிப் பிடிப்பாங்க, இவ அழுதா ஆட்டிட்யூட்னு சொல்லுவாங்க.

இந்தக் காலத்துல யாராவது குழந்தைகிட்ட நேராவா சொல்லப்போறாங்க?

சொல்லியிருக்காங்க. மிக்கேலா டிப்ரின்ஸ் 1995-ல சியரா லியோன்ல பிறந்து உள்நாட்டுப் போர்ல அப்பா அம்மாவை இழந்து அனாதை இல்லத்துல இருந்தவங்க, அங்க கையில கிடைச்ச ஒரு பத்திரிகை அட்டையில பாலே டான்ஸர் போட்டோவைப் பாத்து தானும் ஆடணும்னு முடிவு பண்ணினவங்க, அமெரிக்காவுல ஒரு குடும்பம் தத்தெடுத்து வளர்த்தாங்க. எட்டு வயசுல, கிறிஸ்மஸ் சமயத்துல போடுற நட்கிராக்கர் பாலேல மேரின்ற முக்கியமான சிறுமி ரோலுக்கு தயாரா இருந்தவங்ககிட்ட, கறுப்பின பாலே டான்ஸரை ஏத்துக்க அமெரிக்கா இன்னும் தயாராகலன்னு சொல்லி ரோலை வேற பொண்ணுக்குக் குடுத்துட்டாங்க. இதை அவங்களே பேட்டியில சொல்லியிருக்காங்க. அவங்க அப்புறம் ஹார்லெம்லயும் நெதர்லாந்து தேசிய பாலேலயும் ஆடி உலகம் பூரா பேர் வாங்கினாங்க, 2024 செப்டம்பர்ல 29 வயசுல இறந்துட்டாங்க. அந்தச் செய்தி வந்த அன்னிக்கு என்னால ஒரு வேலையும் ஓடல.

நியூயார்க் சிட்டி பாலே 1954-ல இருந்து கிட்டத்தட்ட வருஷா வருஷம் நட்கிராக்கர் போடுறாங்க, அதுல மேரி ரோல்ல ஒரு கறுப்பினக் குழந்தை முதல் தடவையா ஆடினது 2019-ல. 11 வயசுப் பொண்ணு. ஆனா இப்பெல்லாம் பெரும்பாலும் யாரும் வாயைத் திறந்து சொல்றதில்ல. ரோல் லிஸ்ட் ஒட்டுவாங்க, பேரு இருக்காது, காரணம் கேட்டா "இந்த வருஷம் ஃபிட் வேற மாதிரி பாத்தோம்". குழந்தைக்கு நிரூபிக்க எதுவும் இல்ல, வீட்டுக்கு வந்து நான்தான் சரியா ஆடலைன்னு நினைச்சுக்கும்.

ஒரே ஒரு ஆளா இருக்கிறதுல அப்படி என்ன கஷ்டம்? கவனம் ஜாஸ்தி கிடைக்குமே?

கவனம் கிடைக்கும், அதுதான் கஷ்டமே. வரிசையில ஒரு தப்பு நடந்தா முதல்ல கண்ணு போறது அவமேல. விளம்பர போட்டோவுல முன்னாடி நிக்க வைப்பாங்க, மேடையில பின் வரிசை. இன்னொரு கறுப்பினப் பொண்ணு எப்போவாவது சேர்ந்தா டீச்சரே ரெண்டு பேர் பேரையும் மாத்தி மாத்திக் கூப்பிடுவாங்க. அவ நல்லா ஆடினா "உங்க ஆளுங்களுக்கு ரிதம் ரத்தத்துலயே இருக்கு"ன்னுவாங்க, காலைல ஆறு மணிக்கு எழுந்து நீட்டி மடக்கின உழைப்பு எங்க போச்சுனே தெரியாது.

இதுக்கு நடுவுல எல்லாரும் சொல்ற அறிவுரை, மனசை தைரியமா வெச்சுக்கோ, இரண்டு மடங்கு உழை. எனக்கு இந்தப் பேச்சு சுத்தமா பிடிக்காது. குழந்தை ஏன் ரெண்டு மடங்கு உழைக்கணும்? ரூமை நடத்துறவங்கதான் ரூமை மாத்தணும்.

ஹார்லெம் மாதிரி தனி கம்பெனி வெச்சுக்கிட்டா அதுவும் ஒதுங்குறதுதானே?

மார்ட்டின் லூதர் கிங் 1968-ல கொல்லப்பட்டதும் ஆர்தர் மிட்செல் நியூயார்க்ல தன் சொந்த ஏரியாவான ஹார்லெமுக்கே திரும்பி, தனக்கு டீச்சரா இருந்த கேரல் ஷூக்கோட சேர்ந்து 1969-ல ஆரம்பிச்ச கம்பெனி அது. ஒதுங்குறதுக்காக இல்ல, உள்ள விடாத கதவு முன்னாடி நிக்கிற குழந்தைங்களுக்கு ஒரு வீடு வேணும்னுதான். 1984-ல ஜிசெலை லூசியானாவுல வாழ்ந்த சுதந்திரக் கறுப்பின சமூகத்துல நடக்குற கதையா மாத்தி போட்டாங்க, முதல் பதில்ல சொன்ன அதே வெள்ளை ஆவிக் கதை. காசு இல்லாம 2004-ல கம்பெனி நின்னுபோய் 2012-ல தான் திரும்ப மேடை ஏறினாங்க, அந்த எட்டு வருஷத்துல வளர்ந்த எத்தனையோ பொண்ணுங்களுக்குப் போக வேற இடமே இல்ல.

ஐரோப்பாவுல இதெல்லாம் பரவாயில்லையாமே?

ரேவன் வில்கின்சனுக்கு பரவாயில்லாம இருந்துச்சு. எல்லாருக்கும் அப்படி இல்ல. க்ளோயி லோபஸ் கோம்ஸ் 2018-ல பெர்லின் ஸ்டாட்ஸ்பாலேல சேர்ந்த முதல் கறுப்பினப் பெண், ஸ்வான் லேக்குக்கு மத்தவங்க மாதிரி வெள்ளை பூசிக்கச் சொன்னாங்க, 2020-ல வெளியில பேசினாங்க, 2021-ல கம்பெனி அவங்களுக்கு 16,000 யூரோ குடுத்து ஒப்பந்தத்தை ஒரு வருஷம் நீட்டிச்சாங்க. ஜேனட் காலின்ஸ்கிட்ட கேட்டதையே கிட்டத்தட்ட தொண்ணூறு வருஷம் கழிச்சும் கேட்டிருக்காங்க. பாரீஸ் ஓபராவுல 2020-ல கறுப்பின, கலப்பின டான்ஸருங்க சேர்ந்து கேட்டதுக்கு அப்புறம்தான் அவங்க நிறத்துல டைட்ஸ், ஷூ பத்தியெல்லாம் பேச்சே வந்துச்சு. மாஸ்கோ போல்ஷோய் பாலே கம்பெனியில வெள்ளைக்காரங்க மூஞ்சியில கறுப்பு பூசி ஆடுற பழக்கத்தை 2019-ல மிஸ்டி கேள்வி கேட்டப்போ, இதுல தப்பே இல்லன்னு பதில் வந்துச்சு.

பாலே மட்டும்தான் இப்படியா?

இல்ல. கறுப்பின கிளாசிக்கல் பாடகி மேரியன் ஆண்டர்சனுக்கு 1939-ல வாஷிங்டன்ல கான்ஸ்டிடியூஷன் ஹாலைத் தர மாட்டேன்னுட்டாங்க, அவங்க லிங்கன் நினைவிடத்துப் படியில நின்னு 75,000 பேர் முன்னாடி பாடினாங்க. ஐஸ் ஸ்கேட்டிங்ல ஃபிரான்ஸோட கறுப்பின வீராங்கனை சூர்யா போனாலி, 1998 நகானோ ஒலிம்பிக்ஸ்ல தடை செஞ்சிருந்த பின்பக்க குட்டிக்கரணம் அடிச்சு ஒத்தைக் கால்ல இறங்கினாங்க, மார்க் குறைச்சாங்க, 2024-ல அந்தத் தடையையே எடுத்துட்டாங்க. அழகுக்கு மார்க் போடுற இடம் எல்லாத்துலயும் இந்தக் கதை இருக்கும்.

நம்ம ஊர்லயும் கலர் பாக்குறாங்களே, மேக்கப் போட்டு வெளுப்பாக்குறாங்களே, ரெண்டும் ஒண்ணுதானே?

வலி பக்கத்துல பக்கத்துல இருக்கலாம், கதை ஒண்ணு இல்ல. அரங்கேற்றத்துக்கு மாநிறப் பொண்ணுக்கு ரெண்டு ஷேட் கம்மியா பூசுறது தப்புதான், மாத்தணும். ஆனா அமெரிக்காவுல கறுப்பினத்தவங்க அடிமைங்களா வித்து வாங்கப்பட்ட வரலாறு, அதுக்கப்புறம் சட்டம் போட்டுப் பிரிச்ச வரலாறு அவங்க பின்னாடி இருக்கு. நம்ம பொண்ணுங்க இங்க பாலே கிளாஸ்ல பிங்க் டைட்ஸ்ல ஒட்டாம தெரியுறாங்கன்றது உண்மை, அதே சமயம் நம்ம வீட்டுக் குழந்தைங்க கறுப்பினக் குழந்தை பக்கத்துல நிக்க யோசிக்கிறதும் நான் கண்ணால பாத்த உண்மை. "எங்களுக்கும்தான்"னு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணோட கதையை முழுசா கேட்டு முடிக்கணும்.

அதான் மிஸ்டி ஜெயிச்சுட்டாங்களே, இப்போ எல்லாம் சரியாயிடுச்சு இல்ல?

மிஸ்டி 13 வயசுல, ஒரு சிறுவர் கிளப்போட பாஸ்கெட்பால் கோர்ட்ல நடந்த இலவச கிளாஸ்ல ஆரம்பிச்சாங்க, குடும்பத்தோட மோட்டல் ரூம்ல தங்கியிருந்த காலம் அது. 2001-ல கம்பெனியில சேர்ந்து பிரின்சிபல் ஆக 14 வருஷம். 2025 அக்டோபர்ல விடை சொன்னாங்க. ஒரு ஆள் மேல போறது வேற, பாதை வர்றது வேற. பாதைன்னா எனக்குப் பெருசாத் தெரியுறது டீச்சருங்கதான், அமெரிக்காவோட பேர்போன ஸ்கூல் ஆஃப் அமெரிக்கன் பாலேல முதல் கறுப்பினப் பெண் நிரந்தர டீச்சரா ஆயிஷா ஆஷ் வந்தது 2020-ல. தினமும் தப்பைத் திருத்துறவங்க தன்னை மாதிரி ஒருத்தரா இருக்கும்போது குழந்தைக்கு அந்தத் திருத்தம் வெறும் திருத்தமா மட்டும் கேக்கும், வேற சந்தேகம் வராது.

என் பொண்ணு கிளாஸ்ல ஒரே ஒரு கறுப்பினப் பொண்ணு இருக்கா. நான் என்ன செய்யலாம்?

முதல்ல டிரெஸ் விதி எழுதின பேப்பரைப் பாருங்க. "பிங்க் டைட்ஸ்"னு இருந்தா "அவங்கவங்க தோல் நிறத்துல"னு மாத்தலாமானு நீங்க கேளுங்க. ஒவ்வொரு வருஷமும் அந்தப் பொண்ணோட அம்மாவே கேட்டா அவங்களுக்கு கம்ப்ளெயின்ட் பண்றவங்கன்னு பேர் வந்துடும், நீங்க கேட்டா வராது, உங்க பொண்ணுக்கும் அது நல்லதுதான். மேடை மேக்கப் பெட்டியில அடர் நிற ஃபவுண்டேஷன் இருக்கானு பாருங்க, பெரும்பாலும் வெளிர்ல நாலு ஷேட் இருக்கும், பழுப்புல ஒண்ணு கூட இருக்காது. கொண்டைக்கு வலை, பின் எல்லாம் கறுப்புலயும் வாங்கச் சொல்லுங்க. பின்னல் கொண்டைக்கு விதியில இடம் இருக்கானு கேளுங்க.

அந்தப் பொண்ணோட முடியைத் தொடாதீங்க, உங்க பொண்ணும் தொடக்கூடாதுனு சொல்லிக்குடுங்க. நல்லா ஆடினா என்ன நல்லா இருந்துச்சுனு குறிப்பா சொல்லுங்க, அந்தத் திரும்பல், அந்தக் கை, அந்த முகம்னு. ரோல் லிஸ்ட் எப்படி முடிவு பண்றாங்கன்னு பேரன்ட் மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் கேளுங்க. டிசம்பர் ஷோவுக்கு டைட்ஸ், ஷூ ஆர்டர் எல்லாம் பெரும்பாலும் செப்டம்பர் அக்டோபர்லயே போயிடும், அதுக்கப்புறம் கேட்டா "அடுத்த வருஷம் பாக்கலாம்"னுதான் பதில் வரும், அதனால கிளாஸ் தொடங்கின முதல் வாரமே மெயில் போட்டுடுங்க.